செங்காந்தள் தொட்டி வளர்ப்பு

செங்காந்தள் தொட்டி வளர்ப்பு என்பது, காந்தள் எனப்படும் கிழங்குக் கொடியைப் பூந்தொட்டியில் நட்டுப் பூக்கச் செய்வதையும், பூத்து முடிந்தபின் அதன் கிழங்கைக் காத்து அடுத்த ஆண்டிலும் பூக்கச் செய்வதையும் குறிக்கும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் ஆகும். இதன் தாவரவியற் பெயர் குளோரியோசா சூப்பர்பா. காவிரிப் படுகையின் கடற்கரைப் பகுதியான வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆகிய ஊர்களின் தட்பவெப்பம் இக்கொடிக்கு ஏற்றது.

இச்செடி ஆண்டுதோறும் சில மாதங்கள் மண்ணுக்கு மேல் எவ்வகை அடையாளமும் இன்றி மறைந்துவிடும். செடி பட்டுவிட்டது என எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடுவதும், மீண்டும் துளிர்க்கட்டும் என நாள்தோறும் நீர் ஊற்றிக் கிழங்கை அழுகச் செய்வதும் வளர்ப்போர் இக்கொடியை இழப்பதற்குரிய முதன்மையான காரணங்கள் ஆகும். மேலும், இதன் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கடும் நஞ்சு உடையவை. எனவே ஓய்வுக்காலத்தில் கிழங்கைக் காப்பது பற்றிய அறிவு பூவுக்காக மட்டுமன்றி வீட்டில் உள்ளோரின் பாதுகாப்புக்கும் தேவையானது.

பெயர்கள்

காந்தள், செங்காந்தள், தோன்றி, வெண்தோண்டி, இலாங்கலி, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, கார்த்திகைப்பூ எனப் பல பெயர்கள் இத்தாவரத்துக்கு வழங்குகின்றன.

- கலப்பைக் கிழங்கு: கிழங்கு இரு கிளையாகப் பிரிந்து கலப்பை போன்று வளைந்திருப்பதால் வந்த பெயர். இலாங்கலி என்பதும் கலப்பையைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்ததே.
- கார்த்திகைப்பூ: கார்த்திகை மாதத்தை ஒட்டி மிகுதியாகப் பூப்பதால் வந்த பெயர். இலங்கைத் தமிழரிடையே இப்பெயரே பெருவழக்கு. சிங்களத்தில் இது நியங்கலா எனப்படுகிறது.
- கண்வலிக் கிழங்கு: பூவை உற்று நோக்கினால் கண்வலி வரும் என்னும் நாட்டுப்புற நம்பிக்கையுடன் இப்பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. வேளாண் துறையிலும் விதை வணிகத்திலும் இப்பெயரே மிகுதியாக வழங்குகிறது.

தாவர இயல்பு

செங்காந்தள் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இயற்கையாக வளர்கிறது. முன்னர் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இத்தாவரம் இப்போது கொல்ச்சிக்கேசியே குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. காட்டில் புதர்களைப் பற்றிக்கொண்டு 3 மீட்டருக்கு மேலும் ஏறும். தொட்டியில் வளரும்போது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும்.

இதற்குத் தனியான பற்றுக்கம்பிகள் இல்லை. ஈட்டி வடிவ இலைகளின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியுள்ளது. இலை நுனிக்கு எட்டும் தொலைவில் மெல்லிய குச்சியோ கயிறோ இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு கொடி மேலேறும்.

பூக்கள் மேற்பகுதி இலைக்கோணங்களில் நீண்ட காம்புகளில் தனித்தனியே தோன்றும். ஒவ்வொரு பூவிலும் ஆறு இதழ்கள் உண்டு. விளிம்பு நெளிந்த இவ்விதழ்கள் பின்னோக்கி மடிந்து மேல்நோக்கி நிற்கும். பூ விரியும்போது பச்சையாகவும், பின் அடியில் மஞ்சளும் நுனியில் செம்மையுமாகவும், முடிவில் முழுச் சிவப்பாகவும் நிறம் மாறும். ஒரே கொடியில் வெவ்வேறு வயதுடைய பூக்கள் இருப்பதால் பல நிறங்களை ஒருங்கே காணலாம். ஆறு மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் பரவியிருக்கும். சூலகத்தண்டு அடியில் ஏறத்தாழ செங்கோணமாக வளைந்து ஒருபுறமாக நீண்டிருக்கும். இந்த அமைப்பால் தன்மகரந்தச் சேர்க்கை எளிதில் நிகழ்வதில்லை. விதைக்காகப் பயிரிடும் உழவர்கள் காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூலகமுடியில் தடவுவது இதனாலேயே ஆகும்.

கிழங்கின் ஆண்டுச் சுழற்சி

செங்காந்தளை மீண்டும் பூக்கச் செய்வதற்கு அதன் கிழங்கு எவ்வாறு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

உருளைக்கிழங்கில் பல கண்கள் இருப்பது போலச் செங்காந்தள் கிழங்கில் பல முளைகள் இல்லை. கிழங்கின் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்குருத்தே இருக்கும். அது ஒடிந்துவிட்டால் அக்கிளை பெரும்பாலும் முளைப்பதில்லை. கிழங்கைக் கையாளும்போது நுனி உரசாமலும் ஒடியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் எனக் கூறப்படுவது இதனாலேயே.

நடப்பட்ட தாய்க்கிழங்கு தன்னிடம் உள்ள மாவுப்பொருளைச் செலவிட்டுத் தண்டையும் இலைகளையும் எழுப்புகிறது. அதன்பின் அது சுருங்கி வெறும் தோலாகிவிடும். அதே வேளையில் தண்டின் அடியில் புதிய கிழங்குகள் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றுக்கு வேண்டிய உணவை இலைகளே தயாரித்து அனுப்புகின்றன. பருவ முடிவில் தோண்டி எடுக்கப்படும் கிழங்கு, நடப்பட்ட அதே கிழங்கு அன்று. அது அவ்வாண்டின் இலைகள் சேர்த்து வைத்த புதிய சேமிப்பு ஆகும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, அடுத்த ஆண்டின் பூவை முடிவு செய்வது இவ்வாண்டின் இலைகளே. பூ உதிர்ந்தவுடன் கொடியை அறுத்துவிட்டால் புதிய கிழங்கு சிறுத்துவிடும். சிறு கிழங்கிலிருந்து இலைகள் மட்டுமே வரும், பூ வராது. இரண்டாவது, இலைகள் மஞ்சளாகிக் காய்வது நோயின் அறிகுறியாக இல்லாமல் சேமிப்பு முடிந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். பூத்து முடிந்த கொடி கீழிருந்து மேலாகச் சீராக மஞ்சளானால் அது ஓய்வுக்குச் செல்கிறது எனக் கொள்ளலாம். பூக்கும் முன்பே இலைகளில் புள்ளிகளோ கருகலோ தோன்றினால் அது நோயாகும்.

குளிர் ஓய்வும் வறள் ஓய்வும்

மேலை நாடுகளில் தொட்டியில் வளர்க்கப்படும் துலிப், நார்சிசஸ், ஹையாசிந்த் ஆகியவை இளவேனிற் குமிழ்ச்செடிகள் எனப்படும். இவை கோடையில் இலைகளை இழந்து குமிழ்த்தண்டாக மண்ணுக்குள் உறங்குகின்றன. கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான மொட்டு குமிழினுள் உருவாகிவிடும். ஆயினும் அம்மொட்டு நீண்டு வெளிவருவதற்கு நெடுங்குளிர் தேவை. துலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் வரை 9 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில் இலைகள் மட்டும் வரும். அல்லது பூ தண்டில்லாமல் இலைகளுக்கிடையே சிக்கி வாடிவிடும்.

நாகப்பட்டினம் கடற்கரையில் மார்கழி இரவுகளிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே அங்கு துலிப்பைத் திறந்த வெளியில் ஆண்டுதோறும் பூக்கச் செய்ய இயலாது. இந்தியாவில் துலிப் தோட்டத்துக்குப் பெயர்பெற்றது 2007-இல் ஸ்ரீநகரில் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் ஆகும். அங்கு இயற்கையாகவே உறைபனிக் குளிர் நிலவுகிறது.

வெப்பமண்டலக் கிழங்குச்செடிகளுக்குக் குளிருக்குப் பதிலாக வறட்சியே உறக்கத்தைத் தருகிறது. மழை நின்று மண் காயும்போது இவை இலைகளை இழக்கின்றன; அடுத்த மழைக்கு முன்னோ மழையோடோ விழிக்கின்றன. மஞ்சளையும் சேனையையும் பயிரிடுவோர் இதை நன்கு அறிவர். விதை மஞ்சளும் விதைச் சேனையும் கோடை முழுவதும் உலர்ந்த நிழலில் கிடந்தபின் நடவுப் பருவத்தில் தாமே முளைகட்டுகின்றன. செங்காந்தளும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கடற்கரைச் சூழல்

வேளாங்கண்ணி, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் வங்கக் கடலோரம் அமைந்துள்ளது. முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து அம்மாவட்டத்தில் உள்ளது. தெற்கே உள்ள வேதாரண்யம், தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு பயிரிடப்படும் இடங்களுள் ஒன்றாகும். திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம், மூலனூர் ஆகிய பகுதிகளிலும் இது பயிரிடப்படுகிறது.

இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. தை மாதத்திலிருந்து மழை மிகக் குறைவு. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். மழையில் வளர்ந்து வறட்சியில் உறங்கும் செங்காந்தளின் சுழற்சி இதனோடு பொருந்துகிறது. எனினும் தொட்டியில் வளர்ப்போர் மூன்று இடர்ப்பாடுகளை எதிர்கொள்ள வேண்டும்.

1. மண்: உள்நாட்டு வயல்களின் வண்டல் களிமண் நீரைத் தேக்கிக் கிழங்கை அழுகச் செய்யும். கடலோர மணலோ நீரையும் ஊட்டத்தையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்றை மட்டும் பயன்படுத்தாமல் இரண்டையும் கலந்து பயன்படுத்துவது நல்லது.
2. உப்பு: கடலோரக் கிணறுகள், ஆழ்குழாய்கள் பலவற்றில் நீர் உவர்ப்பாக உள்ளது. அந்நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்புப் படிந்து இலை நுனிகள் கருகும். இலை நுனியே பற்றுக்கம்பி ஆகையால் கொடி ஏறும் திறனையும் இழக்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறந்தது.
3. காற்று: பூக்கும் பருவமும் புயற்பருவமும் ஒன்றாக வருகின்றன. 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் பெரிதும் அழித்தது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியைப் பந்தலோடு சேர்த்துச் சுவரின் மறைவுக்கு மாற்றக்கூடியவாறு அமைத்துக்கொள்வது தொட்டி வளர்ப்பின் நன்மை ஆகும்.

வளர்ப்பு முறை

தொட்டியும் மண்ணும்

குறைந்தது 30 செ.மீ. அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி ஒரு கிழங்குக்குப் போதுமானது. நெகிழித் தொட்டியை விட மண்தொட்டி விரைவில் உலர்வதால் மழைக்காலத்துக்கு ஏற்றது. அடித்துளையின் மேல் ஓட்டாஞ்சில் கவிழ்த்து வைக்கப்படுகிறது. அதன்மேல் இரு விரற்கடை அளவு சரளை பரப்பப்படும்.

மண் கலவையில் வண்டல் அல்லது செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவை சம அளவில் சேர்க்கப்படும். கடற்கரை மணலாயின் பலமுறை நன்னீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பதாயினும் அவ்வாறே அலசி உப்பை நீக்க வேண்டும். மக்காத சாணம் கிழங்கை அழுகச் செய்யும்.

நடவு

ஆடி மாதம் நடவுக்கு ஏற்றது. ஏறத்தாழ 50 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட எடையுள்ள, சுருக்கமில்லாத, நுனி ஒடியாத கிழங்குகளே முதலாண்டிலேயே பூக்கும். கிழங்கைக் கிடைமட்டமாக வைத்து, முளைக்குருத்து தொட்டியின் நடுப்பகுதியில் அமையுமாறு, 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் மூட வேண்டும். இரு கிளையுள்ள கிழங்கைப் பிரித்து நடலாம். பிரித்த முனையில் சாம்பல் தடவி ஓரிரு நாள் நிழலில் உலர்த்திய பின் நடுவது வழக்கம். கையுறை அணிந்து செய்வது நல்லது.

விதையிலிருந்தும் செங்காந்தளை வளர்க்கலாம். எனினும் விதை முளைப்பதற்கு நெடுநாள் ஆகும். முளைத்த நாற்று பூக்கும் அளவுக் கிழங்கைப் பெற மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும்.

பற்றுக்கோல்

கிழங்கை நடும்போதே பற்றுக்கோலையும் ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடக்கூடும். தடித்த கம்பத்தை இலை நுனிகளால் சுற்ற இயலாது. எனவே மூங்கிற் சிம்புகள், சவுக்கு மிலார், கயிறு அல்லது கம்பிவலை பயன்படுத்தப்படுகிறது. இளந்தண்டு மிக எளிதில் ஒடியும். வளரும் நுனி ஒடிந்தால் அவ்வாண்டுப் பூ பெரும்பாலும் இழப்பாகும்.

நீரும் உரமும்

நட்டவுடன் ஒருமுறை நீர் ஊற்றி, முளை வெளிவரும் வரை மண் லேசான ஈரத்துடன் மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முளை தோன்றுவதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். இலைகள் விரிந்தபின் மேல்மண் காயும்போதெல்லாம் நீர் தேவை. அடைமழை நாட்களில் தொட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, செங்கற்களின் மேல் தொட்டியை உயர்த்தி வைக்க வேண்டும்.

காலை வெயில் முழுமையாகவும் பிற்பகல் வெயில் ஓரளவும் கிடைக்கும் இடம் ஏற்றது. கொடி வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் செழித்துப் பூ குறையும். மொட்டு தோன்றிய பின் சாம்பற்சத்து உள்ள உரம் கிழங்கு பருக்க உதவும்.

பூத்தபின் பராமரிப்பு

நட்ட இரண்டு முதல் மூன்று மாதங்களில் முதற்பூ விரியும். கடைசிப் பூ வாடியபின் செய்ய வேண்டியவையே அடுத்த ஆண்டின் பூவை உறுதி செய்கின்றன.

- வாடிய பூக்களைக் காய் பிடிக்கும் முன் கிள்ளி எடுக்கலாம். விதையை முற்றச் செய்வதற்குச் செலவாகும் உணவு கிழங்குக்குச் செல்லும்.
- கொடியையும் இலைகளையும் அறுக்கக் கூடாது. பச்சையாக உள்ள ஒவ்வோர் இலையும் கிழங்குக்கு உணவு தருகிறது.
- பூ முடிந்துவிட்டது என்பதற்காக நீரை உடனே நிறுத்தக் கூடாது. இலைகள் பச்சையாக உள்ளவரை வழக்கம்போல் ஊற்ற வேண்டும்.
- இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் நீரைப் படிப்படியாகக் குறைத்து, பாதிக்கு மேல் மஞ்சளானதும் நிறுத்திவிட வேண்டும்.
- தண்டு முழுவதும் காய்ந்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும் நிலையில் மட்டும் அதை அகற்ற வேண்டும்.

ஓய்வுக்காலம்

ஓய்வுக்காலத்தில் கிழங்கைக் காப்பதற்கு இரு முறைகள் உள்ளன.

முதல் முறையில் கிழங்கு தொட்டியிலேயே விடப்படுகிறது. தொட்டியை மழை படாத திண்ணையிலோ மாடிப்படியின் அடியிலோ வைத்து, முளை தோன்றும் வரை நீர் ஊற்றாமல் விட வேண்டும். கிழங்கின் நுனி ஒடியும் வாய்ப்பு இம்முறையில் இல்லை. கிழங்கைத் தனியே எடுத்து வைக்காததால் குழந்தைகளின் கைக்கோ சமையலறைக்கோ அது செல்லும் வாய்ப்பும் குறைவு. எனவே வீடுகளுக்கு இம்முறையே பொருத்தமானது. கோடைமழை பெய்யும்போது தொட்டி நனைந்துவிடாமல் காப்பது மட்டும் முக்கியம்.

இரண்டாம் முறையில் கிழங்கு தோண்டி எடுக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றும்போதும், பெருகிய கிழங்குகளைப் பிரிக்கும்போதும் இது தேவைப்படும். கிழங்குகள் தொட்டியின் அடிவரை இறங்கியிருக்கும். ஆகையால் கத்தியால் குத்தித் தோண்டாமல் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்து எடுக்க வேண்டும். கிழங்கைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் ஒன்றையொன்று தொடாதவாறு புதைத்து வைக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். குளிர்பதனப் பெட்டி வேண்டியதில்லை. உணவுப் பொருள்களோடு வைப்பது பேரிடரும் ஆகும்.

நடவுக்கு முன்பே, வைகாசியிலோ ஆனியிலோ, கிழங்கின் நுனி வெளுத்துப் பருத்து முளை நீண்டால் ஆடிக்குக் காத்திராமல் உடனே நட்டுவிட வேண்டும்.

மாத அட்டவணை

- ஆனி, ஆடி: மண் மாற்றுதல், நடவு. வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் நாளான ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைப் பணிகள் தொடங்கும் காலத்திலேயே தொட்டி மண்ணையும் ஆயத்தம் செய்யலாம்.
- ஆவணி, புரட்டாசி: கொடி ஏறும் காலம். சீரான ஈரம், மண்புழு உரம்.
- ஐப்பசி, கார்த்திகை: பூக்கும் காலம். நீர் தேங்காமல் காத்தல், காற்றிலிருந்து காத்தல்.
- மார்கழி, தை: இலைகள் கிழங்குக்கு உணவு சேர்க்கும் காலம். கொடியை அறுக்காமல் விடுதல்.
- மாசி: இலைகள் மஞ்சளாதல். நீரைக் குறைத்து நிறுத்துதல்.
- பங்குனி, சித்திரை, வைகாசி: முழு ஓய்வு. நீர் இல்லை, உரம் இல்லை.

நடவு முந்தினாலோ பிந்தினாலோ இவ்வட்டவணை சில வாரங்கள் மாறும். மாதக் கணக்கை விட இலையின் நிறமே நம்பத்தக்க அடையாளம் ஆகும்.

மீண்டும் பூக்காமைக்கான காரணங்கள்

1. கிழங்கு சிறிதாக இருத்தல். ஓரிரு ஆண்டுகள் இலைகளை வளரவிட்டால் கிழங்கு பருத்துப் பூக்கும்.
2. முந்திய ஆண்டில் கொடி பச்சையாக இருக்கும்போதே அறுக்கப்பட்டிருத்தல்.
3. முளைக்குருத்து ஒடிந்திருத்தல்.
4. ஓய்வுக்காலத்தில் நீர் ஊற்றியதால் கிழங்கு அழுகியிருத்தல். கிழங்கை அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும்.
5. வெயில் போதாமை.
6. பல கிழங்குகள் ஒரே தொட்டியில் நெருங்கியிருத்தல்.
7. தழைச்சத்து மிகுதி.

பூச்சிகளும் நோய்களும்

செங்காந்தளைத் தாக்கும் பூச்சிகளுள் முதன்மையானது பொலிடெலா குளோரியோசே எனப்படும் அந்துப்பூச்சியின் புழு. கருமை நிற உடலில் வெண்மையும் சிவப்புமான புள்ளிகள் கொண்ட இப்புழுக்கள் கூட்டமாக இலைகளைத் தின்னும். சில நாட்களில் கொடியை மொட்டையாக்கிவிடக்கூடும். தொட்டிச் செடியில் இவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி அழிப்பதே போதுமானது. இலைகளை இழந்த கொடியால் கிழங்கைப் பருக்கச் செய்ய இயலாது என்பதால், பூத்து முடிந்தபின் தோன்றும் புழுக்களையும் புறக்கணிக்கக் கூடாது.

மழைக்காலத்தில் ஆல்டர்நேரியா என்னும் பூஞ்சையால் இலைக்கருகல் தோன்றும். இலைகளின் மேல் நீர் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுவதும், கருகிய இலைகளை அகற்றுவதும் பரவலைக் குறைக்கும். கிழங்கு அழுகலுக்கு நீர்த்தேக்கமே வழிவகுக்கிறது. அழுகிய கிழங்கு இருந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

நச்சுத்தன்மை

செங்காந்தளில் கொல்ச்சிசின் என்னும் அல்கலாய்டு உள்ளது. இது உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கிறது. ஆதலால் உடலில் விரைவாகப் பிரியும் உயிரணுக்களைக் கொண்ட குடற்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன.

கிழங்கு உட்கொள்ளப்பட்டால் அறிகுறிகள் உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தே தோன்றும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு ஆகியவை முதலில் வரும். பின்னர் இரத்த அணுக்கள் குறைந்து பல உறுப்புகள் செயலிழக்கக்கூடும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களுக்குப்பின் முடி கொட்டுவது உண்டு. இலங்கையில் இக்கிழங்கை வற்றாளைக் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டதால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. சமைப்பதால் இந்நஞ்சு நீங்குவதில்லை. ஆடுமாடுகளுக்கும் இது நஞ்சாகும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

- தோண்டிய கிழங்கைச் சமையலறையிலோ, சர்க்கரைவள்ளி, மஞ்சள், சேனை போன்றவற்றின் அருகிலோ வைக்கக் கூடாது.
- கிழங்கு உள்ள பெட்டியிலும், ஓய்வில் உள்ள தொட்டியிலும் "நஞ்சு – செங்காந்தள் கிழங்கு" என எழுதி வைக்க வேண்டும். மண் மட்டுமே தெரியும் தொட்டியில் என்ன உள்ளது என்பதை வீட்டில் உள்ள பிறர் அறியார்.
- செந்நிற விதைகள் குழந்தைகளைக் கவரும். ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் காய்களை வெடிக்கும் முன்பே அகற்ற வேண்டும்.
- கையாண்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.
- யாரேனும் உட்கொண்டதாக ஐயம் எழுந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல், கைவைத்தியம் எதுவும் செய்யாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிழங்கின் ஒரு துண்டை உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர் அடையாளம் காண உதவும். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் இக்கிழங்கு சுத்தி செய்யப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. அது பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு உரியது. வீட்டில் செய்யத் தக்கது அன்று.

பயன்பாடும் பண்பாடும்

நஞ்சான கொல்ச்சிசினே அளவோடு தரப்படும்போது மருந்தாகிறது. கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட் நோய்க்கு இது நெடுங்காலமாக வழங்கப்படுகிறது. 1820-இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை முதன்முதலில் கொல்ச்சிக்கம் என்னும் செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். 1937-இல் இது தாவரங்களின் நிறப்புரிகளை இரட்டிப்பாக்கும் என்பது கண்டறியப்பட்டது. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்குவதற்கு இப்பண்பே அடிப்படை ஆயிற்று. தமிழ்நாட்டு உழவர்கள் கண்வலிக் கிழங்கைப் பயிரிடுவது, மருந்து நிறுவனங்கள் வாங்கும் இதன் விதைக்காகவே ஆகும்.

சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூவாகவும் முருகனுக்கு உரிய பூவாகவும் கூறப்படுகிறது. மகளிர் விரல்களுக்கு இது உவமையாக வருவதுண்டு. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறப்படும் பூக்களுள் முதலில் இடம்பெறுவது செங்காந்தளே. ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. 1947-இல் அந்நாடு தெற்கு ரொடீசியா என வழங்கியபோது அங்கு சென்ற இளவரசி எலிசபெத்துக்கு இப்பூவின் வடிவில் அமைந்த வைர அணி பரிசளிக்கப்பட்டது.

காடுகளிலிருந்து அளவின்றித் தோண்டப்பட்டதால் பல இடங்களில் இயற்கையான செங்காந்தள் குறைந்துவிட்டது. எனவே புதரில் வளரும் கொடியைத் தோண்டாமல், பயிரிடுவோரிடமிருந்தோ நாற்றங்காலிலிருந்தோ கிழங்கைப் பெறுவதே முறையாகும். ஒரு கிழங்கு ஆண்டுதோறும் இரண்டாகப் பெருகக்கூடியது. ஆகையால் நன்கு காக்கப்பட்ட ஒரு தொட்டியிலிருந்தே அண்டை வீடுகளுக்கும் கிழங்கு தரலாம். தரும்போது அதன் நச்சுத்தன்மையையும் ஓய்வுக்காலத்தையும் சேர்த்துச் சொல்லித் தருவது கட்டாயம்.

இதே இயல்புடைய பிற தொட்டிச் செடிகள்

- நிலச்சம்பங்கி: மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. மாலைகளுக்காகத் தமிழ்நாட்டில் பெரிதும் பயிரிடப்படுகிறது. பூத்த குமிழ் மீண்டும் பூப்பதில்லை. அதைச் சுற்றித் தோன்றும் பக்கக் குமிழ்களே பின்னர்ப் பூக்கும். எனவே கொத்தைப் பிரித்து நடுவது தேவை.
- மழை லில்லி: வறண்டு கிடந்த தொட்டியில் மழை பெய்த சில நாட்களில் பூக்கும். ஓய்வும் நனைவும் மாறி மாறிக் கிடைத்தால் ஆண்டில் பலமுறை பூக்கும்.
- ஹிப்பியாஸ்ட்ரம்: அமரில்லிஸ் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. குமிழின் கழுத்து மண்ணுக்கு மேல் இருக்குமாறு நட வேண்டும். பூத்தபின் இலைகளை வெட்டாமல் விடுவது இதற்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

- காந்தள்
- தமிழ்நாட்டின் மாநிலச் சின்னங்கள்
- குறிஞ்சிப்பாட்டு
- கொல்ச்சிசின்
- நிலச்சம்பங்கி
- வேதாரண்யம்